நாற்பது மாணவர்களுக்கு ஒரே சர்வர்: ஜுபிட்டர்ஹப்பை டாக்கரில் நடத்துவது பற்றி

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஒரு கல்லூரித் துறையில் 16 கோர், 64 ஜிபி ரேம், 1 டிபி டிஸ்க் உள்ள ஒரே ஒரு உபுண்டு சர்வர். அதில் ஜுபிட்டர் நோட்புக் (உலாவியிலேயே பைதான் எழுதி ஓட்டும் கருவி) உள்ள கன்டெய்னர் ஒன்றை (டாக்கர் என்ற மென்பொருள் ஓட்டும், மற்றவற்றிலிருந்து பிரித்த தனிப்பெட்டி) ஓடவிட்டு, ஒரே பாஸ்வேர்டை நாற்பது மாணவர்களுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்கிறார். யாரோ பெரிய டேட்டாவை ஏற்றினால் எல்லோருடைய கெர்னலும் (நோட்புக்கின் நிரலை ஓட்டும் செயல்) சாகிறது. கன்டெய்னரைப் புதுப்பித்தபோது இரண்டு வார வேலை காணாமல் போய்விட்டது. கடைசியில், "நல்ல டாக்கர் கம்போஸ் கோப்பு ஒன்று கிடைக்குமா? ஜிபியு ஒன்றும் இருக்கிறது, அதையும் பகிரலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள். கம்போஸ் கோப்பு (எந்தக் கன்டெய்னரை எப்படிக் கிளப்புவது என்று எழுதிவைப்பது) தேடினால் எத்தனையோ கிடைக்கும். அதைக் கொண்டுவந்து ஓட்டிய பிறகும் இதே தொல்லைகளில் பாதி அப்படியே இருக்கும். நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு: ஒருவர் செய்வது அடுத்தவரைத் தொடாதபடி எப்படிப் பிரிப்பது, கன்டெய்னர் போனாலும் கோப்பு போகாதபடி எங்கே வைப்பது. பதிலை அந்த வழியிலேயே எழுதுகிறேன். செட்டிங் பெயர்களை உச்சரிப்பாகத் தமிழில் தருகிறேன். கான்ஃபிக் கோப்பில் எழுதும்போது சொற்களுக்கு நடுவே பெரும்பாலும் அடிக்கோடு வரும்.

முதலில், இந்த வேலைக்கு வெறும் நோட்புக் சர்வர் போதாது, ஜுபிட்டர்ஹப் வேண்டும். நோட்புக் சர்வர் ஒரே ஆளுக்காகச் செய்யப்பட்டது. உள்ளே யார் வந்தாலும் அதற்கு ஒரே ஆள்தான். ஜுபிட்டர்ஹப்பில் மூன்று பகுதிகள். வெளியிலிருந்து வரும் எல்லாக் கோரிக்கையையும் வாங்கிப் பிரித்து அனுப்பும் ப்ராக்ஸி ஒன்று. இது வழக்கமாக 8000 போர்ட்டில் கேட்கும், தன் நிர்வாக ஏபிஐக்கு 8001ஐ வைத்துக்கொள்ளும். லாகின், பயனர் பட்டியல், யாருடைய சர்வர் ஓடுகிறது என்ற கணக்கு ஆகியவற்றைப் பார்க்கும் ஹப் ஒன்று, இது 8081. மூன்றாவது, ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகக் கிளம்பும் நோட்புக் சர்வர். அந்த மூன்றாவதை எப்படிக் கிளப்புவது என்பதைத் தீர்மானிப்பது ஸ்பானர். டாக்கர்ஸ்பானரைப் போட்டால் ஆளுக்கொரு கன்டெய்னர் கிடைக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே சர்வர் என்றால் கன்டெய்னரே இல்லாமல் "தி லிட்டிலஸ்ட் ஜுபிட்டர்ஹப்" என்ற விநியோகமும் போதும். அது சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நடத்தும் அமைப்பு) வழியாக ஒவ்வொரு மாணவரையும் தனி லினக்ஸ் பயனராக வைத்து நடத்துகிறது; ஒன்று முதல் நூறு பேர் வரை என்பதுதான் அதன் நோக்கம். எல்லோருக்கும் ஒரே பைதான், ஒரே லைப்ரரித் தொகுப்பு என்றால் அதைப் பரிந்துரைப்பேன். இரண்டு பாடங்களுக்கு இரண்டு வெவ்வேறு சூழல் வேண்டும், அல்லது அடுத்த செமஸ்டரில் இதே சூழலை அச்சுப் பிசகாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றால் டாக்கர் வழி நல்லது. குபெர்னெட்டீஸ் (பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். ஒரே ஒரு சர்வரை வைத்துக்கொண்டு அதை நிர்வகிக்கிற வேலை, ஜுபிட்டரை நிர்வகிக்கிற வேலையைவிடப் பெரிதாகிவிடும்.

டாக்கர் வழியில் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் நெட்வொர்க்தான். ஹப்பும் ஒரு கன்டெய்னரில்தான் ஓடும். அது இயல்பாக 127.0.0.1ல் மட்டும் கேட்கும். மாணவரின் கன்டெய்னர் கிளம்பியதும் "நான் வந்துவிட்டேன்" என்று ஹப்புக்குச் சொல்ல முயலும். ஆனால் அதன் உள்ளே 127.0.0.1 என்பது அதுவேதான், ஹப் அல்ல. விளைவு: உலாவியில் முன்னேற்றப் பட்டை கொஞ்ச நேரம் ஓடும், பிறகு சர்வர் 30 நொடிக்குள் பதில் சொல்லவில்லை என்ற பிழை வரும். இதற்கு நான்கு செட்டிங். ஹப் ஐபி 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேள் என்று பொருள்) என்று இருக்க வேண்டும். ஹப் கனெக்ட் ஐபி என்பதில் ஹப் கன்டெய்னரின் பெயரைக் கொடுக்க வேண்டும். டாக்கர்ஸ்பானரின் யூஸ் இன்டர்னல் ஐபியை ட்ரூ ஆக்கி, நெட்வொர்க் நேமில் ஹப் இருக்கும் அதே நெட்வொர்க்கின் பெயரைத் தர வேண்டும். இதில் கம்போஸ் ஒரு சிறு குறும்பு செய்யும்: கோப்பில் நீங்கள் "ஹப்நெட்" என்று எழுதினால், அது ஃபோல்டர் பெயரை முன்னால் ஒட்டி வேறொரு பெயரில் நெட்வொர்க்கை உருவாக்கும். ஸ்பானருக்கு அந்தப் பெயர் தெரியாது. கம்போஸ் கோப்பின் நெட்வொர்க் பகுதியில் நேம் என்ற வரியைச் சேர்த்துப் பெயரை நிலையாக்கிவிடுங்கள். வால்யூமுக்கும் (கன்டெய்னருக்கு வெளியே டாக்கர் வைத்திருக்கும் சேமிப்பிடம்) இதே விதிதான்.

இந்தக் கட்டத்தில் ஸ்பானரின் ரிமூவ் செட்டிங்கைத் தற்காலிகமாக ஃபால்ஸ் ஆக்கி வையுங்கள். ட்ரூவாக இருந்தால் தோற்ற கன்டெய்னர் உடனே அழிந்துவிடும். ஏன் தோற்றது என்று லாகைப் பார்க்க எதுவும் மிஞ்சாது. எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ட்ரூவுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழைய கன்டெய்னரே ஒவ்வொரு முறையும் உயிர்பெற்று வரும். நீங்கள் இமேஜைப் (கன்டெய்னர் உருவாகும் அச்சு) புதுப்பித்தாலும் மாணவருக்கு அது போய்ச் சேராது. கூடவே, ஹப்பின் பதிப்பும் மாணவர் இமேஜுக்குள் இருக்கும் ஜுபிட்டர்ஹப் பதிப்பும் குறைந்தது முதன்மை எண்ணளவிலாவது ஒத்திருக்க வேண்டும். ஹப் 5, இமேஜுக்குள் 3 என்று இருந்தால் வரும் பிழைகள் காரணத்தைச் சொல்லாது. லாகின் சுற்றிச் சுற்றி வரும், அவ்வளவுதான் தெரியும்.

இமேஜுக்கு ஜுபிட்டர் குழுவின் டாக்கர் ஸ்டாக்ஸ் தொகுப்பிலிருந்து தொடங்குவது வசதி. பாண்டாஸ், மேட்பிளாட்லிப், சைக்கிட்லேர்ன் எல்லாம் சைபை நோட்புக் இமேஜில் உள்ளன. 2023 அக்டோபரிலிருந்து இந்த இமேஜுகள் க்வே டாட் ஐஓ என்ற இமேஜ் களஞ்சியத்தில்தான் வெளியாகின்றன. டாக்கரின் பொதுக் களஞ்சியமான டாக்கர் ஹப்பில் கிடப்பவை புதுப்பிக்கப்படுவதில்லை. பழைய வழிகாட்டியைப் பார்த்து எழுதினால் சத்தமில்லாமல் பழைய இமேஜ் வந்து உட்கார்ந்துவிடும். லேட்டஸ்ட் என்ற டேகை (இமேஜின் பதிப்பைக் குறிக்கும் பெயர்) எடுக்கவே கூடாது. தேதியோ பைதான் பதிப்போ உள்ள டேகை எடுத்து, அதன்மேல் உங்கள் பாடத்துக்கு வேண்டிய பேக்கேஜுகளைப் பதிப்பு எண்ணோடு நிறுவி, உங்கள் பெயரில் ஒரு இமேஜ் கட்டிக்கொள்ளுங்கள். சர்வரில் முன்கூட்டியே இறக்கியும் வையுங்கள். முதல் மாணவர் கிளிக் செய்தபோது இறக்கத் தொடங்கினால், இயல்பான 60 நொடித் தொடக்க அவகாசத்துக்குள் முடியாது.

இனி கோப்புகள். உங்கள் இரண்டு வார வேலை போனதற்குக் காரணம், அது கன்டெய்னரின் எழுதும் அடுக்கில் இருந்தது. கன்டெய்னரை நீக்கியதும் அந்த அடுக்கும் போயிற்று. டாக்கர்ஸ்பானரில் வால்யூம்ஸ் என்ற செட்டிங்கில், பயனர்பெயர் உள்ள ஒரு வால்யூமை கன்டெய்னருக்குள் ஜோவியான் என்ற பயனரின் ஹோமில் இருக்கும் வொர்க் ஃபோல்டரோடு இணையுங்கள். நோட்புக் டைர் செட்டிங்கையும் அதே இடத்துக்குத் திருப்புங்கள். அப்போதுதான் மாணவர் உள்ளே வந்ததும் அந்த ஃபோல்டரில் நிற்பார். இதைச் செய்யாவிட்டால் பாதிப்பேர் ஹோமிலேயே கோப்பை உருவாக்கிவிட்டு, மறுநாள் காணவில்லை என்று வருவார்கள்.

ஹோம் முழுவதையுமே வால்யூமாக இணைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இணைத்தால் மாணவரின் செட்டிங்குகள், எஸ்எஸ்எச் சாவி, தன் கணக்கில் மட்டும் நிறுவிய பிப் பேக்கேஜுகள் எல்லாம் நிலைக்கும். அதே காரணத்தால் தொல்லையும் வரும்: இமேஜை மாற்றிய பிறகும் மாணவரின் ஹோமில் பழைய நம்பை (எண் கணக்குக்கான பைதான் லைப்ரரி) இருந்தால் பைதான் அதைத்தான் முதலில் எடுக்கும். "எனக்கு மட்டும் வேலை செய்யவில்லை" என்று வருபவர்களில் பலருடைய கதை இதுதான். பெயரிட்ட வால்யூம் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும் இமேஜில் அந்த இடத்தில் இருப்பதை டாக்கர் உள்ளே நகலெடுக்கும். அதன்பின் இமேஜின் ஹோமில் நீங்கள் என்ன சேர்த்தாலும் மாணவருக்குத் தெரியாது. பாடம் நடத்தும் இடத்தில் வொர்க் மட்டும் என்பது என் விருப்பம். பேக்கேஜ் வேண்டுமென்றால் கேட்கட்டும், இமேஜில் சேர்த்துக் கட்டிக் கொடுக்கலாம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒத்துவராது. அவர்களுக்கு ஹோம் முழுவதையும் கொடுப்பதே நடைமுறை.

வால்யூமுக்குப் பதில் சர்வரின் ஒரு ஃபோல்டரை நேரடியாக இணைப்பதானால் உரிமையைக் கவனியுங்கள். அந்த ஃபோல்டர் இல்லையென்றால் டாக்கரே அதை ரூட் (சர்வரின் முழு அதிகாரம் உள்ள பயனர்) பெயரில் உருவாக்கும். உள்ளே ஓடும் ஜோவியானின் பயனர் எண் 1000, குழு எண் 100. ரூட்டின் ஃபோல்டரில் அவரால் எழுத முடியாது. மாணவர் கோப்பைத் திறப்பார், சேமிக்க முடியாது. முன்கூட்டியே ஃபோல்டரை உருவாக்கி 1000:100க்கு மாற்றி வைக்க வேண்டும். இமேஜில் இல்லாத புதிய இடத்தில் வால்யூமைப் பொருத்தினாலும் இதே சிக்கல்தான்.

பாடத்துக்கான டேட்டாவை ஒவ்வொருவரும் தங்கள் ஃபோல்டரில் இறக்கிக்கொள்ள விடாதீர்கள். 5 ஜிபி டேட்டாவை நாற்பது பேர் இறக்கினால் 200 ஜிபி. அதை சர்வரில் ஒரே இடத்தில் வைத்து, வாசிக்க மட்டும் என்ற முறையில் எல்லாக் கன்டெய்னருக்கும் இணையுங்கள். எழுதக்கூடிய பொதுஃபோல்டர் என்றால் யோசிக்க வேண்டும். எல்லோரும் உள்ளே 1000 என்ற ஒரே எண்ணில் ஓடுவதால், லினக்ஸின் பார்வையில் நாற்பது பேரும் ஒருவரே. யாரும் யாருடையதையும் அழிக்கலாம். யார் அழித்தார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. என்பிகிரேடரில் (நோட்புக் பயிற்சிகளைக் கொடுத்து வாங்கித் திருத்தும் கருவி) பயிற்சிகளை வாங்குவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். அதன் எக்ஸ்சேஞ்ச் ஃபோல்டர் ஒவ்வொரு மாணவரும் தனி லினக்ஸ் பயனர் என்று நம்பித்தான் ஒருவர் விடையை மற்றவரிடமிருந்து மறைக்கிறது. இந்த அமைப்பில் அந்த மறைவு கிடையாது. இதற்காகவே என்ஜிஷேர் என்ற தனிச் சேவை உருவாக்கப்பட்டது.

மெமரிக்கு வருவோம். மெம் லிமிட்டை 2 ஜிபி என்று வையுங்கள். அந்த எல்லையை மாணவர் தாண்டினால் லினக்ஸ் அவருடைய கன்டெய்னருக்குள்ளேயே அதிக மெமரி பிடித்த செயலைக் கொல்லும். பெரும்பாலும் அது பைதான் கெர்னல்தான். கெர்னல் இறந்துவிட்டது, திரும்பத் தொடங்குகிறது என்ற செய்தி அவருக்கு மட்டும் வரும், மற்றவர்கள் பாட்டுக்கு வேலை செய்வார்கள். இதோடு ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) எல்லையையும் கொடுக்க வேண்டும். மெமரி எல்லையை மட்டும் கொடுத்தால், சர்வரில் ஸ்வாப் இருக்கும்பட்சத்தில் டாக்கர் அதே அளவு ஸ்வாப்பையும் கூடுதலாகப் பயன்படுத்த விடும். கெர்னல் சாவதற்குப் பதில் டிஸ்க் முழுவதும் ஸ்வாப்பில் திணறும், அது எல்லோரையும் பாதிக்கும். எக்ஸ்ட்ரா ஹோஸ்ட் கான்ஃபிக்கில் மெம்ஸ்வாப் லிமிட்டையும் அதே 2 ஜிபியாக வைத்தால் ஸ்வாப் கிடையாது என்று பொருள்.

நாற்பது இரண்டால் 80 ஜிபி ஆயிற்றே, இருப்பது 64தானே என்று கேட்பீர்கள். எல்லை என்பது ஒதுக்கீடு அல்ல, உச்சவரம்பு மட்டும். ஒன்றும் செய்யாமல் திறந்திருக்கும் ஜுபிட்டர்லேப் சுமார் 100 முதல் 200 எம்பிக்குள் அடங்கும். நாற்பது பேரும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவது அரிது. ஆனால் ஆய்வக வகுப்பில் எல்லோரும் ஒரே செல்லை ஒரே நேரத்தில் ஓட்டுவார்கள் என்பதால் "அரிது" என்பதை நம்பி இருந்துவிடவும் கூடாது. பாண்டாஸில் ஒரு சிஎஸ்வி கோப்பு டிஸ்க்கில் இருப்பதைப்போலப் பல மடங்கு மெமரியைப் பிடிக்கும், அதுவும் எழுத்துப் பத்திகள் அதிகமிருந்தால். எத்தனை மடங்கு என்பது டேட்டாவைப் பொறுத்தது. உங்கள் பாட நோட்புக்கை ஒருமுறை முழுதாக ஓட்டிக்கொண்டே டாக்கர் ஸ்டாட்ஸ் கட்டளையில் உச்ச எண்ணைப் பாருங்கள். அதோடு பாதியைக் கூட்டி எல்லையாக வைப்பது நல்ல தொடக்கம்.

மொத்தத்துக்கும் ஒரு தடுப்பு வேண்டும். எளிதான வழி, ஹப்பின் ஆக்டிவ் சர்வர் லிமிட்: ஒரே நேரத்தில் இத்தனை சர்வருக்கு மேல் ஓடக்கூடாது என்று சொல்லலாம். 28 என்று வைத்தால் 56 ஜிபிக்கு மேல் போகாது, ஹப்புக்கும் சிஸ்டத்துக்கும் 8 ஜிபி மிஞ்சும். ஆனால் பன்னிரண்டு பேர் வெளியே நிற்பார்கள். இன்னொரு வழி, மாணவர் கன்டெய்னர்களை எல்லாம் சிஸ்டம்டியில் ஒரே ஸ்லைஸின் (ஒரே எல்லைக்குள் அடங்கும் செயல்களின் குழு) கீழ் போட்டு, அந்த ஸ்லைஸுக்கு 56 ஜிபி மெமரி உச்சம் வைப்பது. எக்ஸ்ட்ரா ஹோஸ்ட் கான்ஃபிக்கில் சிகுரூப் பேரன்ட் என்று ஸ்லைஸின் பெயரைக் கொடுத்தால் போதும். அப்போது நாற்பது பேரும் உள்ளே வரலாம். மொத்தம் நிரம்பினால் மாணவர் கெர்னல்களில் ஒன்று சாகும், ஹப் சாகாது. உங்கள் நிலைமைக்கு இதுதான் பொருத்தம்.

சிபியுவில் எல்லை வைப்பதில் எளிதில் கண்ணில் படாத ஒரு வழுக்கல் இருக்கிறது. சிபியு லிமிட் 2 என்று வைத்தாலும் கன்டெய்னருக்குள் பைதான் கோர் எண்ணிக்கையைக் கேட்டால் 16 என்றே பதில் வரும். நம்பைக்கு அடியில் இருக்கும் ஓப்பன்பிளாஸ் அதை நம்பி 16 திரெட்டுகளைக் கிளப்பும். அந்தப் பதினாறும் இரண்டு கோர் அளவு நேரத்துக்குள் முட்டிமோதும்போது, இரண்டே திரெட் இருந்தால் ஆகும் நேரத்தைவிட அதிகம் ஆகலாம். ஸ்பானரின் என்விரான்மென்ட் செட்டிங்கில் ஓஎம்பி நம் திரெட்ஸ் என்ற மாறியை 2 என்று கொடுத்துவிடுங்கள். கூடவே பிட்ஸ் லிமிட்டை (ஒரு கன்டெய்னரில் ஓடக்கூடிய செயல்களின் எண்ணிக்கை) 512 அளவில் வைத்தால், தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் நிரலை யாராவது தெரிந்தோ தெரியாமலோ ஓட்டினாலும் அந்தக் கன்டெய்னரோடு நின்றுவிடும். பைடார்ச் சொல்லித்தருவதாக இருந்தால் பகிர்வு மெமரியையும் பாருங்கள்: டாக்கர் இயல்பாகத் தருவது 64 எம்பிதான். டேட்டாலோடரில் வொர்க்கர் வைத்தால் பஸ் எரர் வரலாம், மாணவர் தன் நிரலில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பார். எஸ்எச்எம் சைஸை 1 ஜிபி ஆக்கினால் தீரும்; அதுவும் அவருடைய 2 ஜிபி கணக்கிலேயே சேரும்.

டிஸ்க்குக்கு இவ்வளவு எளிய எல்லை கிடையாது. டாக்கரின் சாதாரண உள்ளூர் வால்யூமுக்கு இயல்பில் அளவு வரம்பு எதுவும் கிடையாது. ஒரே மாணவர் முடிவில்லாத லூப்பில் கோப்பு எழுதினால் 1 டிபியும் நிரம்பும், ஹப்பின் டேட்டாபேஸும் எழுத இடமின்றி நிற்கும். சரியான தீர்வு, மாணவர் கோப்புகளுக்கு எக்ஸ்எஃப்எஸ் பார்ட்டிஷன் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, ஒவ்வொரு மாணவர் ஃபோல்டருக்கும் ப்ராஜெக்ட் கோட்டா வைத்து, அந்த ஃபோல்டரை நேரடியாக இணைப்பது. அதற்குப் பொறுமை இல்லையென்றால் மாணவர் கோப்புகளையாவது தனிப் பார்ட்டிஷனில் வையுங்கள். நிரம்பினாலும் சிஸ்டம் படுக்காது. டாக்கரின் லாக் கோப்புகளும் இயல்பில் அளவின்றி வளரும். டீமன் கான்ஃபிக்கில் மேக்ஸ் சைஸ் 10 எம்பி, மேக்ஸ் ஃபைல் 3 என்று வைத்து டாக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குப்பின் உருவாகும் கன்டெய்னருக்குத்தான் அது பொருந்தும்.

டிஸ்க் நிரம்பியதும் எல்லோரும் கை வைக்கும் ப்ரூன் (பயன்படாதவற்றை அழிக்கும்) கட்டளையில் பெரிய ஆபத்து உண்டு. ரிமூவ் ட்ரூவாக இருக்கும்போது, மாணவர் வெளியேறியதும் அவர் கன்டெய்னர் போய்விடும். அவர் வால்யூம் யாரும் பயன்படுத்தாத வால்யூமாக நிற்கும். டாக்கர் 23க்கு முந்தைய பதிப்புகளில் வால்யூம் ப்ரூன் அவற்றை எல்லாம் துடைத்துவிடும். 23 முதல் பெயரிட்ட வால்யூமை அது தானாகத் தொடாது, ஆனால் ஆல் என்று சேர்த்தால் தொடும். இமேஜ் ப்ரூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லாகினுக்கு, பாம் ஆத்தென்டிகேட்டரைக் கன்டெய்னர் ஹப்பில் வைக்காதீர்கள். அது ஹப் கன்டெய்னருக்குள் இருக்கும் லினக்ஸ் பயனர்களைத் தேடும். கன்டெய்னரைப் புதுப்பித்தால் அந்தப் பயனர்கள் போய்விடுவார்கள். கல்லூரிக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் மின்னஞ்சல் இருந்தால் கூகுள் ஓஆத்தென்டிகேட்டரில் ஹோஸ்டட் டொமைனைக் கல்லூரி டொமைனாக வைப்பது சிறந்தது. அதற்கு முறையான டொமைன் பெயர் வேண்டும், வெறும் ஐபி முகவரியைத் திரும்பும் முகவரியாகக் கூகுள் ஏற்காது. இல்லையென்றால் நேட்டிவ் ஆத்தென்டிகேட்டர்: மாணவர்கள் தாங்களே பதிவு செய்வார்கள், நீங்கள் நிர்வாகப் பக்கத்தில் ஒப்புதல் தருவீர்கள். இதில் நிர்வாகியும் பதிவு செய்துதான் ஆக வேண்டும். நிர்வாகி பட்டியலில் உள்ள பெயரில் முதலில் யார் பதிவு செய்கிறாரோ அவரிடம் அந்தக் கணக்கு போகும். முகவரியை வெளியே சொல்லும் முன் அதை நீங்கள் செய்துவிடுங்கள். ஜுபிட்டர்ஹப் 5லிருந்து, யாரை அனுமதிப்பது என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் யாரையும் உள்ளே விடாது. பழைய கான்ஃபிக்கை அப்படியே கொண்டுவந்தவர்கள் 403 பிழையில் நிற்பது இதனால்தான். அலோட் யூசர்ஸ் பட்டியலைக் கொடுங்கள், அல்லது ஆத்தென்டிகேட்டரே வடிகட்டுகிறது என்றால் அலோ ஆல் போடுங்கள்.

வெளிப்பக்கம் எச்டிடிபிஎஸ் கட்டாயம். முன்னால் கேடி என்ற வெப் சர்வரை வைத்தால் சான்றிதழையும் வெப்சாக்கெட்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் வைத்தால் இரண்டு இடத்தில் கவனம். அப்கிரேட், கனெக்ஷன் ஹெடர்களை அனுப்பாவிட்டால் பக்கம் திறக்கும், லாகின் ஆகும், ஆனால் கெர்னல் இணைகிறது என்றே காலமெல்லாம் காட்டும். கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் இயல்பில் 1 எம்பி. படங்கள் நிறைந்த நோட்புக் அதைத் தாண்டியதும் சேமிப்பு 413 பிழையோடு தோற்கும். 100 எம்பி அளவுக்கு உயர்த்துங்கள். 8000 போர்ட்டை 127.0.0.1ல் மட்டும் வெளியிடுங்கள். யுஎஃப்டபிள்யூவில் (உபுண்டுவின் ஃபயர்வால்) அடைத்திருக்கிறேன் என்று நம்பாதீர்கள்: டாக்கர் வெளியிடும் போர்ட் தன் ஐபிடேபிள்ஸ் விதிகள் வழியாகப் போவதால் யுஎஃப்டபிள்யூ அதைத் தடுப்பதில்லை.

பாதுகாப்பில் எது உறுதி, எது இல்லை என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாணவர் தவறுதலாக இன்னொருவர் கோப்பைத் தொடுவதையும் மெமரியைத் தின்பதையும் இந்த அமைப்பு உறுதியாகத் தடுக்கும். வேண்டுமென்றே உடைத்து வெளியேற முயலும் திறமைசாலிக்கு எதிராக அதே உறுதியைத் தர முடியாது. எல்லாக் கன்டெய்னரும் ஒரே லினக்ஸ் கெர்னலைத்தான் (நோட்புக் கெர்னல் அல்ல, இயங்குதளத்தின் மையம்) பகிர்கின்றன. மிகப் பலவீனமான இடம் ஹப் கன்டெய்னர். மாணவர் கன்டெய்னர்களை உருவாக்க அதற்கு டாக்கர் சாக்கெட் (டாக்கருக்குக் கட்டளையிடும் வழி) வேண்டும், சாக்கெட் கையில் இருந்தால் சர்வரின் ரூட் அதிகாரம் இருப்பதாகவே அர்த்தம். நடுவே ஒரு சாக்கெட் ப்ராக்ஸி வைத்தாலும், கன்டெய்னர் உருவாக்கும் உரிமையைக் கொடுத்தபின் பெரிதாக எதுவும் மாறாது. அதனால் ஹப் கன்டெய்னரில் வேறெதையும் ஓட்டாதீர்கள். மாணவர் கன்டெய்னருக்குச் சாக்கெட்டை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், சூடோவும் (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) வேண்டாம். ஒரே பிரிட்ஜ் நெட்வொர்க்கில் இருப்பதால் மாணவர் கன்டெய்னர்கள் ஒன்றையொன்று பார்க்கும். நோட்புக் சர்வர் டோக்கன் கேட்கும், ஆனால் மாணவர் தானாகத் திறக்கும் வேறு போர்ட்டுகளுக்கு அந்தக் காவல் இல்லை. என்றாவது இதைக் கிளவுடுக்கு மாற்றினால் டாக்கர் யூசர் என்ற ஐபிடேபிள்ஸ் செயினில் 169.254.169.254ஐ அடைத்துவிடுங்கள். கிளவுட் கணக்கின் தற்காலிகச் சாவிகள் அந்த முகவரியில் கிடைக்கக்கூடும்.

பயன்படுத்தாத சர்வர்களை நிறுத்த ஜுபிட்டர்ஹப் ஐடில் கல்லரை ஹப்பின் சேவையாகச் சேர்த்து, டைம்அவுட்டை 3600 நொடி வையுங்கள். ஜுபிட்டர்ஹப் 2ஆம் பதிப்பிலிருந்து அதற்கு ரோல் ஒன்றை உருவாக்கி உரிய உரிமைகளைக் கொடுத்தால்தான் ஓடும். திறந்து கிடக்கும் டேப் அடிக்கடி சர்வரோடு பேசுவதால் சும்மா இருப்பதாகக் கணக்கில் வராமல் போகலாம். அதற்கு மேக்ஸ் ஏஜை 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு முழுக்க மாடல் ஓட்டுபவர்கள் இருந்தால் அது அவர்கள் வேலையையும் கொல்லும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சர்வரை விட்டுவிட்டு கெர்னலை மட்டும் நிறுத்தும் கல் ஐடில் டைம்அவுட் என்ற செட்டிங் இமேஜுக்குள் தனியாக உண்டு. மெமரியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் கெர்னல்தான் என்பதால் 30 நிமிடம் என்று அதை வைத்தாலே நிறைய விடுபடும்.

ஹப்பின் எஸ்கியூலைட் கோப்பும் குக்கி சீக்ரெட் கோப்பும் ஒரு வால்யூமில் இருக்க வேண்டும். சீக்ரெட் மாறினால் எல்லோரும் லாகவுட் ஆவார்கள், டேட்டாபேஸ் போனால் எந்தக் கன்டெய்னர் யாருடையது என்ற கணக்கே போகும். ப்ராக்ஸியை ஹப்புக்குள் ஓட்டாமல் தனிக் கன்டெய்னராக வைத்து, இரண்டுக்கும் ஒரே டோக்கனைக் கொடுத்து, ஹப்பின் க்ளீனப் சர்வர்ஸை ஃபால்ஸ் ஆக்கினால், வகுப்பு நடக்கும்போதே ஹப்பை ரீஸ்டார்ட் செய்யலாம். மாணவர்களின் நோட்புக் நிற்காது. பேக்கப்புக்கு ஹப் டேட்டாபேஸையும் மாணவர் ஃபோல்டர்களையும் தினமும் இரவில் வேறொரு கணினிக்கு நகலெடுங்கள். எஸ்கியூலைட் கோப்பை ஓடும்போது நேரடியாகக் காப்பி செய்யாமல் அதன் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறையாவது ஒரு மாணவரின் ஃபோல்டரைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.

ஜிபியு விஷயம். என்விடியா கன்டெய்னர் டூல்கிட்டை நிறுவி, ஸ்பானரில் டிவைஸ் ரிக்வெஸ்ட் கொடுத்தால் கன்டெய்னருக்குள் ஜிபியு தெரியும். ஆனால் மெம் லிமிட் ரேமுக்கு மட்டும்தான், ஜிபியு மெமரிக்கு அது பொருந்தாது. நாற்பது பேருக்கும் திறந்துவிட்டால், டென்சர்ஃப்ளோவை முதலில் ஓட்டியவர் அநேகமாக முழு ஜிபியு மெமரியையும் பிடித்துக்கொள்வார். அதன் இயல்பே அப்படி. ஏ100 போன்ற சில வகைகளை எம்ஐஜி முறையில் ஏழு துண்டு வரை பிரிக்கலாம், சாதாரண கேமிங் கார்டில் அது முடியாது. அப்படிப்பட்ட கார்டு என்றால் ஜிபியு உள்ள இமேஜைத் தனி வகையாக வைத்து, ப்ராஜெக்ட் செய்யும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். மற்ற மாணவர்களின் கன்டெய்னரில் ஜிபியு தெரியவே வேண்டாம்.